பள்ளிக்கூடத்துக்குக் காவல் யார்?

வயலுக்கு வேலி உண்டு. கடைக்குப் பூட்டு உண்டு. தோட்டத்து ஸ்டோருக்கு இரவெல்லாம் கண்விழித்திருக்கும் ஜாகா உண்டு. பொதுஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெற்று, பொதுஜனங்களின் குழந்தைகளை ஆறாண்டுக் காலம் தன் பொறுப்பில் வைத்திருக்கும் பொதுப் பள்ளிக்கூடத்துக்குக் காவல் யார்? அரசாங்க இலாகா என்பார் சிலர். தலைமையாசிரியர் என்பார் சிலர். பெற்றோர் என்பார் சிலர். இம்மூவரும் தத்தம் கடமையைச் செய்கின்றனரா என்று பார்ப்பதற்கு நாலாமவர் ஒருவரும் வேண்டுமன்றோ? அந்த நாலாமவரைப் பற்றியதே இவ்வியாசம்.

எமது வட்டாரத்தில் ஒரு சிறு தாள் வெளிவருகின்றது. அதில் இரண்டு மூன்று அன்பர்கள் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் நிலைமையைச் சில ஆண்டுகளாக எழுதி வருகின்றனர். கூரை ஒழுகுதல், உபாத்தியாயர் இடம் காலியாகக் கிடத்தல், ஒதுக்கிய பணம் வந்து சேராமை முதலியன அவர்கள் எழுதும் விஷயங்கள். அக்குழுவில் ஓர் இளைஞர் புதிதாகச் சேர்ந்திருக்கின்றார். ஒரு நாள் மாலை அவர் எமது ஆபீசுக்கு வந்து, "கிராணி ஐயா, நான் எதை முதலில் எழுதுவது?" என்று வினவினார். பின்னர் சற்றுத் தயங்கி, "என் மாமா கோபித்துக்கொள்கிறார். தமிழ்ப்பள்ளி இருக்கிற நிலையில் நீயுமா குறை சொல்ல வேண்டும், எதிரிக்கு நாமே கத்தி எடுத்துக் கொடுப்பதா என்று கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை" என்றார்.

அன்று நாம் அவருக்குப் பதில் சொல்லவில்லை. எமது அலமாரியிலிருந்த இரண்டு ஆங்கில நூல்களை எடுத்துக் கொடுத்து, படித்துவிட்டு வாரும் என்றோம். அவ்விரு நூல்களின் குணங்குறைகளை எமக்குத் தெரிந்த அளவில் இங்கே எடை போட்டுப் பார்க்கின்றோம். அவை அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பள்ளிகளைப் பற்றியவை. பொதுப் பள்ளிக்கூடத்தை ஜனங்களின் வரியால் நடத்தி, அதன் நிர்வாகத்தை அந்தந்த ஊர்ச் சபையிடமே ஒப்புவித்த நாடு அது. ஆதலின் பள்ளிக்குக் காவல் நிற்கும் பழக்கமும், அக்காவலுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேரும்போது உண்டாகும் நன்மை தீமைகளும் அங்கே தெளிவாய்ப் பதிவாகியிருக்கின்றன.

வைத்தியர் பள்ளிக்கூடம் புகுந்தது

முதல் நூலின் ஆசிரியர் ஜோஸப் மேயர் ரைஸ். 1857-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். நியூயார்க் நகரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்து வந்தவர். நோயாளிக் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் நாளெல்லாம் அடைபட்டிருக்கும் பள்ளிக்கூடத்தின்மீது அவருக்குக் கவனம் சென்றது. 1888-இல் வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஜெர்மனிக்குச் சென்று, யேனா, லைப்சிக் நகரங்களில் இரண்டாண்டுகள் மனோதத்துவமும் கற்பிக்கும் முறையும் பயின்று திரும்பினார். 1892-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரையில் 36 நகரங்களுக்குப் போய், ஏறக்குறைய 1,200 உபாத்தியாயர்கள் பாடம் நடத்துவதைக் கண்ணாரக் கண்டார். கண்டவற்றை அவ்வாண்டு அக்டோபர் முதல் மறு ஆண்டு ஜூன் வரையில் 'போரம்' என்னும் மாதப் பத்திரிகையில் எழுதினார். 1893-இல் அவ்வியாசங்கள் 'அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பொதுப் பள்ளிக்கூட முறை' என்று பொருள்படும் பெயருடன் நூலாக வெளிவந்தன.

இந்நூலின் முதற் சிறப்பு, இலாகா அறிக்கைகளை அது நம்பாமையே. கல்வி அதிகாரிகள் ஆண்டுதோறும் அச்சிடும் அறிக்கைகளில் எல்லாப் பள்ளிகளும் ஒழுங்காகவே நடைபெறும். ரைஸ் அவற்றைத் தள்ளிவிட்டு வகுப்பறையின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். நியூயார்க்கில் ஒரு பள்ளியில் குழந்தைகள் மரப்பாவைகள்போல் அசையாதிருக்கக் கண்டார். உபாத்தியாயர் முன்னே நிற்கையில் குழந்தை தலையைத் திருப்புவதற்கும் அவசியமில்லை என்பது அப்பள்ளித் தலைவியின் கொள்கையாய் இருந்தது. கேள்வி வந்தவுடன் விடையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதே அங்கே கல்வி. விடையின் பொருள் குழந்தைக்குத் தெரியுமா என்று விசாரிப்பார் இல்லை.

இரண்டாவது சிறப்பு, ரைஸ் நல்ல பள்ளிகளையும் தேடிப் போய் எழுதியது. இண்டியானாபொலிஸ், மின்னியாபொலிஸ் முதலிய நகரங்களில் குழந்தைகள் முகமலர்ச்சியுடன் கற்பதைக் கண்டு மனமாரப் புகழ்ந்திருக்கின்றார். இதன் பயன் பெரிது. எப்படியெனில், எல்லாப் பள்ளிகளையும் ஒரேயடியாய்க் குறை கூறினால், "பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பொறுப்பாளிகள் தப்பித்துக்கொள்வர். அதே நாட்டில் இன்னோர் ஊரில் நல்ல பள்ளி நடக்கிறதென்று காட்டிவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது. குறைக்குக் காரணமென்று ரைஸ் காட்டுபவை நான்கு: பொதுஜனங்களின் அசிரத்தை, உபாத்தியாயர் நியமனத்தில் அரசியல்வாதிகளின் கை, மேற்பார்வைக் குறைவு, உபாத்தியாயர்களுக்கே போதிய பயிற்சியின்மை. இந்நான்கில் பொதுஜனங்களின் அசிரத்தையையும் ஒன்றாகச் சேர்த்தமைக்காகவே அவரை நாம் பாராட்டுகின்றோம். ஜனங்களுக்காக எழுதுகிற பத்திரிகையில் ஜனங்களையே குற்றஞ்சாட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

நிற்க. இந்நூலின் குறையையும் மறைப்பது முறையன்று. நாம் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஆதலால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதங்களையும் முழுதாய் எடுத்துக்கொண்டாலும், 36 நகரங்களுக்குப் பங்கிட்டால் ஒரு நகரத்துக்கு ஐந்து நாள்தான் தேறுகிறது. சனி ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் நாளொன்றுக்கு ஒன்பது பத்து உபாத்தியாயர்களைப் பார்த்திருக்க வேண்டும். காலைப் பிரட்டில் துரை ஒரு முறை நடந்து போவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அந்த அரைமணி நேரத்தில் ஓர் உபாத்தியாயரின் குரல் கடுமையாயிருந்தால் அவர் எப்போதுமே கடுமையானவர் என்று முடிவு கட்டலாகுமா? நெருக்கமான வகுப்பில், சொற்பச் சம்பளத்தில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்மணியிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தால் என்ன? ரைஸின் முதல் நூலில் உபாத்தியாயரின் வாய்ச்சொல் மிகவும் அருகியே காணப்படுகின்றது. புதிதாய் வந்தவரின் கண் கூர்மையானது, ஆனால் அது அவசரப்பட்டு முடிவு சொல்லும் கண்ணுமாகும்.

கண்ணுக்குப் பின் கணக்கு

ரைஸை நாம் மதிப்பதற்கு இன்னொரு காரணம், அவர் அந்த முதல் நூலோடு நின்றுவிடாமை. கல்வி உத்தியோகஸ்தர் பலர் அவர்மேல் சீறினர். வெறும் அபிப்பிராயம் என்று தள்ளினர். அவரும் அதில் ஓரளவு நியாயமுண்டு என்று உணர்ந்தவர்போல, அடுத்தபடியாக அபிப்பிராயத்தை விட்டுக் கணக்கெடுப்பில் இறங்கினார். 1895 தொடங்கிப் பல நகரங்களில் ஏறக்குறைய 33,000 குழந்தைகளுக்கு ஒரே விதமான எழுத்துக்கூட்டல் சோதனை வைத்தார். எந்தப் பள்ளியில் நாளொன்றுக்கு எத்தனை நிமிஷம் எழுத்துக்கூட்டல் பயிற்சி நடக்கிறது, குழந்தைகள் வாங்கிய எண் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தினம் பதினைந்து நிமிஷம் பயின்ற குழந்தைகளுக்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் உருப்போட்ட குழந்தைகளுக்கும் திறமையில் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. 1897-இல் இதனை வெளியிட்டார். ஒரே சோதனையைப் பல பள்ளிகளில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறைக்கு அந்நாட்டில் முன்னோடி என்று இன்று கல்வி ஆராய்ச்சியாளர் அவரைக் கூறுகின்றனர்.

இதில் நமது புதிய எழுத்தாளர் கற்க வேண்டியது யாது? "பள்ளியில் பாடம் சரியாக நடக்கவில்லை" என்று எழுதினால் அதை மறுப்பது எளிது. எத்தனை குழந்தைகள், எத்தனை நிமிஷம், எத்தனை எண் என்று எழுதினால் மறுக்க விரும்புகிறவரும் போய் எண்ணிப் பார்த்தே தீர வேண்டும். அவர் எண்ணிப் பார்க்கப் போவதே பள்ளிக்கு ஒரு நன்மையன்றோ?

ஓர் அறையில் ஓர் ஆண்டு

இரண்டாவது நூல் வேறு வகையானது. அதனை எழுதியவர் ஜோனதன் கோஸோல். 1936-இல் பாஸ்டன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, ஹார்வர்டில் படித்தவர். 1964-இல் மிஸிஸிப்பி மாகாணத்தில் சம உரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்ட செய்தி அவரை உலுக்கியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ராக்ஸ்பரி என்னும் பகுதிக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் பாஸ்டன் பொதுப் பள்ளியொன்றில் நாலாம் வகுப்புக்குத் தற்காலிக உபாத்தியாயராக அமர்ந்தார். ரைஸ் 36 நகரங்களைச் சுற்றினார். கோஸோல் ஒரே பள்ளியில் இருந்தார். அவருடைய வகுப்புக்குத் தனி அறையும் கிடையாது. பல வகுப்புகளின் கூச்சல் ஒன்றாய்க் கலக்கும் ஒரு கூடத்தின் மூலையிலேயே அவர் பாடம் நடத்தினார். குழந்தைகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பிரம்பால் அடிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. பாடப் புத்தகங்களில் அக்குழந்தைகளின் இனத்தாரைப் பற்றிய பேச்சே அரிது; இருந்த இடத்திலும் மதிப்புக்குறைவாகவே இருந்தது.

1965-இல் லாங்ஸ்டன் ஹ்யூஸ் என்னும் கறுப்பினக் கவிஞரின் பாட்டொன்றைக் கோஸோல் வகுப்பில் படித்துக் காட்டினார். வீட்டுக்காரனுக்கும் குடியிருப்பவனுக்கும் உண்டான வழக்கைப் பற்றிய பாட்டு அது. பாடத்திட்டத்தில் இல்லாத பாட்டைப் படித்தார் என்பது முதலிய காரணங்களைக் காட்டி அவர் வேலையினின்று நீக்கப்பட்டார். 1967-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் 'இளவயதில் மரணம்' எனலாம். உடல் மரணமன்று, பாஸ்டன் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளின் மனமும் அறிவும் அழிக்கப்படுவதையே அவர் அப்பெயரால் குறித்தார். 1968-இல் அந்நூலுக்கு அந்நாட்டின் தேசியப் புத்தகப் பரிசு கிடைத்தது.

இந்நூலைப் படிக்கும்போது எமக்குக் கண் கலங்கியதுண்டு. குழந்தை ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடு நம் முன்னே வந்து நிற்கின்றது. ரைஸின் அட்டவணையில் 33,000 பேரில் ஒருவனாய் மறைந்து போகும் சிறுவன், கோஸோலின் பக்கத்தில் தான் வரைந்த சித்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கின்றான். உபாத்தியாயர், மாணாக்கர் பெயர்களை மாற்றி எழுதியிருப்பதும், நூலின் இறுதியில் தம் கூற்றுகளுக்கான ஆதாரங்களைக் குறிப்புகளாய்த் தந்திருப்பதும் மெச்சத்தக்கன. ஏழைக் குழந்தைக்கு வந்த அவமானத்தைக் கண்டு கோபிக்கிறவன், அக்குழந்தையின் பெயரை ஊரெங்கும் பரப்பி இரண்டாம் முறை அவமானப்படுத்தலாகாது.

ஆயினும் ஒரு குறை உண்டு. இந்நூலில் மற்ற உபாத்தியாயர் பலரும் ஆசிரியரின் கோபத்தினூடேயே நமக்குத் தெரிகின்றனர். தாம் நல்லவர் என்று நம்பிக்கொண்டே தீங்கு செய்த ஒரு மூத்த பெண் உபாத்தியாயரை அவர் கூர்மையாய்க் காட்டியிருக்கின்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் அந்தக் கட்டடத்தில் தேய்ந்தவரை, ஒரு கல்வியாண்டும் நிறையாதவர் எடை போடுகின்றார். வந்தவர் வேலை போனபின் நூல் எழுதுவார், பரிசும் பெறுவார். அந்தக் கூடத்தின் மூலையிலேயே இருந்த குழந்தைகளுக்கு மறுநாள் காலையில் யார் வந்தார்கள்? இக்கேள்வியைக் கேட்டவுடன் நூலைவிட்டு வெளியே போய்ப் பார்க்க வேண்டியதாகின்றது.

நூலுக்கு முந்திய காவல்

பாஸ்டன் பள்ளிகளின் சீர்கேட்டை முதன்முதல் கண்டுபிடித்தவர் கோஸோல் அல்லர். அவர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அங்கே காவல் நின்றவர்கள் இருந்தனர். அவர்களில் முதலாகச் சொல்லத்தக்கவர் ரூத் பேட்ஸன் என்னும் அம்மையார். ராக்ஸ்பரியிலேயே பிறந்து வளர்ந்து, தம் பெண்களை அதே நகரப் பள்ளிகளுக்கு அனுப்பிய தாய். வெள்ளையர் பகுதிப் பள்ளியில் நடக்கும் விஞ்ஞானப் பாடம் தம் மகளின் பள்ளியில் நடக்கவில்லை என்று ஒரு சிநேகிதியின் பேச்சால் அறிந்தார். ஏன் என்று கேட்கப் புறப்பட்டார். 1951-இல் பள்ளிக் கமிட்டித் தேர்தலுக்கு நின்று தோற்றார். பின்னர் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கக் கிளையில் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்து, 1963 ஜூன் 11-ஆம் தேதி பாஸ்டன் பள்ளிக் கமிட்டியின் முன்னே போய், கறுப்பினக் குழந்தைகள் பெரும்பாலும் தனிப் பள்ளிகளில் ஒதுக்கப்பட்டிருக்கின்றனர் என்று எடுத்துரைத்தார். கமிட்டி அதை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது.

1965-இல் இன்னொரு காரியம் நடந்தது. பாஸ்டன் விதிப்படி, எந்தப் பள்ளியில் காலி இடம் இருந்தாலும் எந்தப் பகுதிக் குழந்தையும் போய்ச் சேரலாம். போக்குவரத்துச் செலவு மட்டும் பெற்றோரைச் சேர்ந்தது. எல்லன் ஜாக்ஸன் முதலிய தாய்மார்கள் மற்றப் பகுதிகளின் பள்ளிகளில் கிடந்த காலி இடங்களைத் தேடி அறிந்து, பணம் திரட்டி, வண்டிகள் அமர்த்தி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தாங்களே அங்கே அனுப்பினர். யாத்திராகமம் என்று பொருள்படும் பெயரை அந்த ஏற்பாட்டுக்கு இட்டனர். இடமில்லை, முடியாது என்று சொல்லப்பட்டு வந்ததைத் தங்கள் கைக்காசைப் போட்டு முடித்துக் காட்டினர்.

அதே 1965-இல் மாஸசூஸெட்ஸ் சட்டசபை, பள்ளிகளில் இன ஏற்றத்தாழ்வைக் களையும் சட்டத்தை இயற்றியது. பாஸ்டன் கமிட்டி அதற்கு வளைந்து கொடுக்கவில்லை. 1972-இல் தாலுலா மார்கன் முதலிய பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1974 ஜூன் 21-ஆம் தேதி நீதிபதி காரிட்டி, கமிட்டி வேண்டுமென்றே இனப்பிரிவினையைக் காத்து வந்ததெனத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தவுடன் எல்லாம் நலமாயிற்றென்று சொல்வதற்கில்லை. அவ்வாண்டு பள்ளி திறந்த அன்று கறுப்பினக் குழந்தைகள் சென்ற பஸ்கள்மீது கல்லெறிந்தனர். ஆனால் பதினோர் ஆண்டுகளாய் "அப்படி ஒன்றும் இல்லை" என்று கமிட்டி சொல்லி வந்த விஷயம், நியாயஸ்தலத்தில் உண்மையென்று நிலைநாட்டப்பட்டது.

ஆதலின் எமது தீர்மானம் இது. கோஸோலின் நூல் சிறந்தது. அது பாஸ்டனுக்கு வெளியே லட்சக்கணக்கானோரின் காதில் விஷயத்தைப் போட்டது. ஆனால் அவர் புதிதாக ஏற்படுத்திய காவலன்று அது. தாய்மார்கள் முன்னரே நின்றுகொண்டிருந்த காவலில் அவர் கடைசியாய் வந்து சேர்ந்தார். பேனா வன்மை அவருக்கு இருந்தது. பழைய கணக்கும் நீடித்த பொறுமையும் அவர்களிடம் இருந்தன. இரண்டும் சேர்ந்தபோதே காரியம் நடந்தது. புதியவர் வருவதற்குமுன் அங்கே யார் நின்றார்கள் என்று விசாரியாத நூல் எதுவும் பாதி நூலேயாகும்.

நமது கணக்கு

இனி, இளைஞரின் மாமா கேட்ட கேள்விக்கு வருவோம். அது அற்பக் கேள்வியன்று. தமிழ்ப்பள்ளியின் பிறப்பே ஏழ்மையில் நேர்ந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாதிருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று விதித்தது. விதிக்காகவே ஒரு கொட்டகையை ஒதுக்கிய தோட்டங்கள் பல. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வந்து கற்பித்த பள்ளிகளும் இருந்தன. எமது தொழிலார்க்கு அதிலும் பங்குண்டு. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நம் ஜனங்கள் பட்டணத்துக்குக் குடியேறினர். இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றுள்ளும் 150 பேருக்கு மேற்படாத 'குறைந்த மாணவர் பள்ளி' என்னும் வகுப்பைச் சேர்ந்தவை அநேகம். இந்த நிலையில் குறை எழுதினால், இருக்கிற பெற்றோரும் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டு போய்விடுவரே என்னும் பயம் நியாயமான பயம்தான்.

அந்தப் பயத்துக்கு நாமும் ஒரு முறை கட்டுப்பட்டோம். அதனை இங்கே சொல்லிவிடுவதே முறை. ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன், ஒரு தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நாம் காரியதரிசியாயிருந்தோம். மூன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அவர்களில் நால்வருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. வாசிப்புப் புத்தகத்தைத் தலைகீழாய்க் கொடுத்தாலும் அதே பாடத்தை ஒப்பிக்கக் கூடியவர்கள் அவர்கள். ஆண்டறிக்கையில் இதனை எழுதலாமென்று நாம் சொன்னபோது, பொறுப்பிலிருந்தவர்கள், "எழுத வேண்டாம் ஐயா, இது வெளியே தெரிந்தால் பதினொன்று ஏழாகிவிடும், பிறகு பள்ளியே இராது" என்றனர். அவர்கள் கெட்ட எண்ணத்தால் சொல்லவில்லை. நாமும் கெட்ட எண்ணத்தால் ஒப்பவில்லை. 'மாணாக்கரின் தேர்ச்சி திருப்திகரமாயுள்ளது' என்று எமது கையாலேயே எழுதி, கையெழுத்தும் இட்டோம்.

அந்த நால்வரில் ஒருவன் இன்று எமது தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகின்றான். சம்பளத் தேதியில் எமது மேசைக்கு வந்து நிற்பான். சீட்டை அவனிடம் நீட்டினால், பார்ப்பதுபோல் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க கிராணி ஐயா" என்பான். நாம் வாசித்துச் சொல்வோம். பிடித்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று நாம் சொல்வதே அவனுக்குக் கணக்கு. நாம் ஒரு சமயம் பொய் சொன்னதை அவன் அறியமாட்டான். அந்தப் பள்ளியோ நமது பொய்யால் பிழைத்துக்கொள்ளவும் இல்லை. மறு ஆண்டே அவ்வகுப்பிலிருந்து மூவர் பட்டணத்துக்குப் போய்விட்டனர். பிள்ளை படிக்கிறானா இல்லையா என்பது பெற்ற தாய்க்குத் தெரியாதா? எமது அறிக்கையைப் படித்தா அவள் முடிவு செய்வாள்? தெரியாதவர்போல் இருந்தவர்கள், உதவி செய்யக்கூடிய இடத்திலிருந்தவர்கள் மட்டுமே. எழுதியிருந்தால் அந்த நால்வருக்குத் தனியே ஒரு மணி நேரம் பாடம் சொல்ல யாரேனும் ஒருவர் வந்திருக்கக்கூடும். வந்திராமலும் போயிருக்கலாம். எழுதாததனால் ஒருவரும் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கத்தி எடுத்துக் கொடுப்பது யார் என்று இப்போது சொல்லலாம். புண் இருக்கிற இடத்தைக் காட்டுபவன் கத்தி கொடுப்பவன் ஆகான். புண்ணை மூடி வைத்துப் புரையோட விடுபவனே பின்னால் பெரிய கத்திக்கு வழி செய்கின்றான். தமிழ்ப்பள்ளி வேண்டுமென்று மேடையில் முழங்குவது எளிது. அந்தப் பள்ளியில் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வருகிறதா என்று பார்ப்பதே அன்பு.

புதிய நண்பருக்கு

இரு நூல்களையும் முடித்துவிட்டு இளைஞர் சென்ற வாரம் திரும்பி வந்தார். அவருக்கு நாம் சொன்னவற்றையே இங்கும் எழுதுகின்றோம். இவரைப்போல் இன்னும் பல ஊர்களில் புதிதாகப் பேனா எடுப்பவர்க்கும் இவை உதவலாம்.

முதலாவது, உமக்கு முன்னே எழுதியவர்களிடம் போய் உட்காரும். அவர்களுடைய பழைய கடிதங்களையும் கணக்குகளையும் கேட்டு வாங்கிப் படியும். காவல் உம்மோடு தொடங்கவில்லை.

இரண்டாவது, பள்ளிக்குள்ளே போம். அனுமதி பெற்றுப் போம். ஒரு நாள் போய்ப் பத்து வகுப்புப் பார்ப்பதைவிட, பத்து நாள் போய் ஒரு வகுப்பைப் பாரும். கண்டவுடன் எழுதாதீர், உபாத்தியாயரிடம், "இப்படிக் கண்டேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் அதே அளவு இடங்கொடுத்து எழுதும்.

மூன்றாவது, எண்ணும். எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்க வருகிறது, எத்தனை நாள் உபாத்தியாயர் இடம் காலியாயிருந்தது, கழிவறையில் எத்தனை நாள் தண்ணீர் இல்லை என்று எண்ணும். ஆறு மாதம் கழித்து அதையே மறுபடியும் எண்ணும். குறைந்திருந்தால் முதலில் எழுதிய அதே இடத்தில் அதே எழுத்தளவில் பாராட்டி எழுதும்.

நாலாவது, பக்கத்து ஊரில் நன்றாய் நடக்கும் பள்ளியைத் தேடிப் பிடித்து, அது எப்படி நடக்கிறதென்று விரிவாய் எழுதும்.

ஐந்தாவது, பிள்ளையின் பெயரை எழுதாதீர். உமது பெயரை மறைக்காதீர்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர், "அப்படியானால் முதல் வியாசம் வெளிவர ஆறு மாதம் ஆகுமே ஐயா" என்றார். ஆகட்டும் என்றோம். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு வரி எழுதத் தவறியதற்கு நாம் கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றோம். அதற்கு முன்னே ஆறு மாதம் பெரிதன்று.

அவர் எமது பழைய பள்ளியிலிருந்தே தொடங்கப் போவதாய்ச் சொல்லிப் போயிருக்கின்றார். இன்றும் அங்கே மூன்றாம் வகுப்பு நடக்கின்றது. அவர் எண்ணிக்கொண்டு வரும் கணக்கில் எமது கையெழுத்திட்ட அந்தப் பழைய அறிக்கையும் ஓர் ஆதாரமாய் வெளிவரட்டும். எமக்கு ஆட்சேபமில்லை.

நேயர்களே! உங்கள் தோட்டத்திலோ பட்டணத்திலோ இப்படி ஓர் இளைஞர் அல்லது நங்கை நோட்டுப் புத்தகமும் கையுமாய்ப் பள்ளி வாசலில் வந்து நிற்கக்கூடும். அவரைப் பகைவரென்று எண்ணாதீர்கள். உங்கள் பிள்ளையின் வாசிப்புப் புத்தகத்தை அவரிடம் கொடுத்து, பிள்ளையை அருகில் கூப்பிட்டு, ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். அவன் படிப்பதை நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.